வராத நாட்களின் பட்டியல்

சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் என் சட்டைப்பைக்குள் இருந்த தாளை எடுத்து விரித்தபோது எனக்கு முதலில் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. என் கையெழுத்து அவ்வளவு மோசம்.

அப்பியாசக் கொப்பியில் இருந்து கிழித்து நாலாக மடித்த தாள். காலை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் ஓரமெல்லாம் வியர்வை ஊறியிருந்தது. அவன் அதை ஒருமுறை நேராகப் பிடித்தான், ஒருமுறை தலைகீழாகப் பிடித்தான். பிறகு மணல்மூட்டைக்குப் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் தாளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தத் தாளை நான் அவர்களுடைய கண்ணால் பார்த்தேன்.

அடிமட்டம் வைத்துக் கட்டம் கட்டியிருந்தேன். இடது பக்கம் எஸ், கே, எம் என்று ஆங்கில எழுத்துகள். மேலே வரிசையாகத் திகதிகள். கட்டங்களுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கங்கள். எந்த ஊரில் எந்த நாளில் சுற்றிவளைப்பு நடந்தது, எந்த நாளில் படகு ஓடவில்லை, எந்த நாளில் ஊரடங்கு என்று மூன்று மாதத்து விவரம், அதுவும் சுருக்கக் குறியில். யுத்த காலத்தில் இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப் பையனின் பையில் எது இருக்கவே கூடாதோ அதை நானே உட்கார்ந்து அழகாகக் கீறி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“மே மொனவாத?” என்றான் சிப்பாய். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறான்.

“ஒஃபிஸ் வேலை,” என்றேன்.

“என்ன வேல? கார்ட் எங்க?”

அது மட்டும் என்னிடம் இல்லை.

கார்ட்

இந்தத் தொடரைப் படித்துவரும் அன்பர் ஒருவர், “கொம்பியூட்டர் துறையில் உங்களுடைய முதல் நேர்முகத்தைப் பற்றி எழுதுங்கள், இன்றைய பிள்ளைகளுக்குப் பயன்படும்” என்று கேட்டிருந்தார். பயன்படுமா என்று எனக்குச் சந்தேகம்தான். கேட்டுவிட்டார், சொல்கிறேன்.

அந்த நாட்களில் எங்கள் வயதுப் பையன்களுக்கு வேலை என்றால் சம்பளம் இரண்டாம் பட்சம். முதலாவது கார்ட். வேலை செய்யும் இடத்தின் பெயரையும் நம்முடைய படத்தையும் போட்டு, மேலே பிளாஸ்ரிக் ஒட்டிய அட்டை. சாவடியில் தேசிய அடையாள அட்டையைக் கொடுத்ததும் அடுத்த கேள்வி “என்ன வேலை?” என்பதுதான். “ஒன்றும் இல்லை” என்கிறவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சுற்றிவளைப்பு நடந்தால் ஊர்ப் பையன்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, கார்ட் உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை மறுபக்கமும் பிரிப்பார்கள். நான் மூன்று முறை இல்லாதவர்களின் பக்கத்தில் இருந்தவன். மூன்றாம் முறை என் இரண்டு பக்கமும் இருந்த இரண்டு பேர் என்னோடு வீட்டுக்குத் திரும்பவில்லை.

அப்பா நோய் வந்து இறந்து நாலு வருடம். சாம்பல்தீவில் வீட்டில் அம்மாவும் நானும்தான். அன்று மைதானத்தில் இருந்து திரும்பி வந்த எனக்கு அம்மா தண்ணீர் தந்தார்.

“தம்பி, றோட்டுக் கூட்டுற வேலையெண்டாலும் பரவாயில்லை. அட்டை தருவினமோ எண்டு மட்டும் கேள்,” என்றார்.

றோட்டுக் கூட்டுவதை விடக் கொஞ்சம் கௌரவமாக நான் கோபோல் என்ற கொம்பியூட்டர் மொழி படித்திருந்தேன். நகரத்தில் ஒரு மாடி வீட்டில் வகுப்பு. முப்பது மாணவருக்கு ஒரு கொம்பியூட்டர். அதுவும் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். ஆகவே நாங்கள் புரோகிராமைக் கொப்பியில் எழுதி, கொப்பியிலேயே ஓட்டுவோம். ஓட்டுவது என்றால், பென்சில் நுனியை முதல் வரியில் வைத்து, நாமே மெசினாகி, ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு கீழே இறங்குவது. பதினெட்டு மாதத்தில் நான் விசைப்பலகையைத் தொட்டது மொத்தமாக ஆறு மணித்தியாலம் இருக்கும். சான்றிதழில் மட்டும் திறமைச் சித்தி, அதாவது உயர்ந்த தேர்ச்சி என்று போட்டுத் தந்தார்கள்.

அப்படியிருக்க, துறைமுகத்தில் கப்பலில் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு கொம்பனி புரோகிராம் எழுத ஆள் தேடுகிறது என்று வகுப்பில் அறிவித்தல் ஒட்டினார்கள். நான் விண்ணப்பம் எழுதிய அன்று இரண்டு கொப்பித் தாளை வீணாக்கினேன். மூன்றாவதைத்தான் அனுப்பினேன்.

கழற்றிய சப்பாத்து

நேர்முகத்துக்குப் பக்கத்து வீட்டு அண்ணனின் சப்பாத்தைக் கடன் வாங்கிப் போட்டிருந்தேன். அது எனக்கு இரண்டு அளவு பெரிது. முன்பக்கத்தில் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்திருந்தேன். சாவடியில் மறித்துவிட்டால் நேரம் போய்விடும் என்று மூன்று மணித்தியாலம் முந்திப் புறப்பட்டேன். அன்று பார்த்து ஒருவரும் மறிக்கவில்லை. கொம்பனிக் கந்தோருக்கு எதிரே ஒரு வாகை மர நிழலில், கால் விரலைச் சப்பாத்துக்குள் மடக்கிக்கொண்டு, இரண்டரை மணித்தியாலம் நின்றேன். உள்ளே போகும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மனேஜர் கொழும்பைச் சேர்ந்த சிங்களவர். ஆங்கிலத்தில்தான் பேசினார். “உன்னைப் பற்றிச் சொல்” என்று கேட்பார் என்று இரண்டு கிழமையாகக் கண்ணாடிக்கு முன் நின்று பாடமாக்கியிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. கேட்டது ஒன்றுதான்.

“வேலை பழகியதும் கொழும்புக்கோ கனடாவுக்கோ ஓடிவிடுவாயா?”

“நோ சேர்,” என்றேன். நம்பவில்லையோ என்று பயந்து இன்னும் இரண்டு முறை சொன்னேன்.

“உள்ளே போ. றிஸ்வான் உன்னைச் சோதிப்பார்.”

கொம்பியூட்டர் அறைதான் அந்தக் கட்டடத்திலேயே ஏசி போட்ட ஒரே அறை. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கதவைத் திறந்தவர் வெறுங்காலோடு நின்றார்.

“சப்பாத்தைக் கழற்றிட்டு வாங்க தம்பி. தூசி போனா மெசின் படுத்திரும்.”

கழற்றினேன். சப்பாத்துக்குள் இருந்து பத்திரிகைத் தாள் உருண்டு வெளியே வந்தது. காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் இரண்டையும் கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

றிஸ்வான் கிண்ணியாக்காரர். முப்பது தாண்டியிருக்கும். அதே கந்தோரில் ஆட்களின் வரவைக் கொப்பியில் பதியும் கிளாக்காக இருந்தவர். கொம்பியூட்டர் வந்ததும் அதோடு வந்த தடித்த புத்தகத்தைப் படித்துத் தானாகவே பழகி, அதற்குக் காவலாக இருந்தார்.

பிழை எங்கே

அவர் என் முன்னால் பதினொரு பக்கம் அச்சடித்த புரோகிராமை வைத்தார்.

“காலமையில ஒரு லிஸ்ட் அடிச்சு துறைமுகக் கேட்டுக்கு அனுப்பணும். அதில பேர் இருந்தாத்தான் ஆள் உள்ளுக்குப் போகலாம். கேட்டில படையாக்கள் பாத்து சீல் குத்துவாங்க. தொடர்ந்து ஏழு நாள் வேலைக்கு வராட்டி மெசின் அந்தப் பேரை எடுத்திரும். எடுத்தா திரும்பச் சேர்க்க பொலிஸ் றிப்போட், ஊர் விதானையார்ர கடிதம், ரெண்டு மாசம். விளங்குதா?”

“ஓம் சேர்.”

“போன மாசம் ஒரே காலமையில மூதூர் ஆக்கள் நாப்பது பேரை எடுத்திட்டு. எல்லாரும் நல்ல வேலைக்காரங்க. மூணு கிழமையாப் பிழையைத் தேடுறன், காணல்ல. கண்டுபிடிங்க பாப்பம்.”

எனக்கு முன் வந்தவர் கழுத்தில் டை கட்டிய நகரத்துப் பையன். அவர் அரை மணித்தியாலத்தில் நாலு பிழை கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு ஒரு பிழையும் தென்படவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக ஏசி அறையில் இருந்தேன். வேறு வழி தெரியாமல் படித்தபடியே செய்தேன். பென்சிலை முதல் வரியில் வைத்து மெசினாக மாறினேன். கற்பனைத் தொழிலாளி ஒருவனைப் பிடித்து, ஊர் சாம்பல்தீவு என்று எழுதி, அவனை ஒவ்வொரு நாளாக வேலைக்கு அனுப்பினேன். பௌர்ணமி லீவான போயா தினத்தைப் புரோகிராம் சரியாக விட்டது. பொங்கலையும் விட்டது. லீவு நாட்களுக்கென்று ஒரு அட்டவணை இருந்தது, அதிலும் தவறில்லை.

ஒரு மணித்தியாலம் போயிற்று. பிழை இல்லை என்று சொன்னால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் முகம் வந்து வந்து போனது. டை கட்டியவரைப் போல நாலு பிழையை இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுபடியும் அந்தக் கற்பனை ஆளை எடுத்தேன். இம்முறை மூன்றாம் சுற்றிவளைப்பு நடந்த கிழமைக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. அன்று எங்கள் ஊரில் இருந்து அவனால் எப்படி வேலைக்கு வந்திருக்க முடியும்?

“சேர், புரோகிராமில பிழை இல்லை,” என்றேன்.

“அப்ப?”

“மூதூர் லோஞ்ச் ஓடாத நாளையும் இது வராத நாளெண்டுதான் எண்ணுது. லீவு நாள் எல்லாருக்கும் ஒண்டுதான். றோட்டு அடைக்கிறது அப்பிடியில்லை, ஊருக்கொரு நாள். அதுக்கு இதில இடமே இல்லை.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் கொப்பியில பதியக்குள்ள லோஞ்ச் ஓடாட்டி அந்த நாளை எண்ணவே மாட்டன். யோசிச்சுச் செய்றதில்ல தம்பி, கை தானா விட்டுட்டுப் போயிரும். எங்கட பக்கம் பாதை நிண்டாலும் அப்பிடித்தான். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, மெசினுக்கும் தெரியும் எண்டு நினைச்சிட்டன்.”

கடலைக் கடந்து மூதூரில் இருந்து வரும் படகுக்கு லோஞ்ச் என்றும், கிண்ணியாத் துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தும் மிதவைக்குப் பாதை என்றும்தான் பெயர். கொழும்பில் இருந்துகொண்டு அந்தப் புரோகிராமை எழுதியவர் பாதையையும் கண்டிருக்க மாட்டார், அது நின்றுபோகும் நாளையும் கண்டிருக்க மாட்டார்.

மனேஜர் என்னை ஒரு மாதம் பரீட்சார்த்தமாக எடுத்தார். புரோகிராமைத் திருத்தினால் நியமனக் கடிதம், கடிதம் வந்தபின் கார்ட் என்றார். வேலையாகத் துறைமுகக் கேட்டுக்குள்ளும் நான் போக வேண்டி வருமே என்று றிஸ்வான் அப்போதே லிஸ்டின் கடைசியில் என் பெயரை அடித்தார். மனோகரன், சாம்பல்தீவு. பச்சை எழுத்தில் என் பெயரைத் திரையில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

“நன்றி சேர்.”

“சேர் வேணாம். நானா எண்டு கூப்பிடுங்க.” அவர்கள் அண்ணனை நானா என்பார்கள்.

மாமியின் அந்தியேட்டி

முதல் வேலை, பெயர் போன நாற்பது பேரையும் திரும்பச் சேர்ப்பது. அதற்குக் கடந்த மூன்று மாதத்தில் எந்த ஊர் எந்த நாளில் அடைபட்டது என்று தெரிய வேண்டும். அதை எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கிற விசயமா அது?

மூதூரையும் கிண்ணியாவையும் றிஸ்வான் நானா விசாரித்தார். சாம்பல்தீவும் அதை அண்டிய இடங்களும் என் பொறுப்பு. வீடு வீடாகப் போனேன். ஒருவருக்கும் திகதி நினைவில்லை. ஆனால் அந்த நாள் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

“அண்டைக்குத்தானே எங்கட மாமியின்ர அந்தியேட்டி. ஐயர் வர ஏலாமப் போட்டுது,” என்றார் ஒரு அக்கா. அந்தியேட்டி என்றால் முப்பத்தோராம் நாள் காரியம்.

“மாடு கண்டு போட்ட அடுத்த நாள்,” என்றார் இன்னொருவர். மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்டால், றோட்டு அடைத்ததற்கு முதல் நாள் என்றார்.

இப்படி மாமிகளையும் மாடுகளையும் கலண்டரோடு ஒப்பிட்டு ஒருவாறு நாட்களைப் பிடித்தேன். நானா சேர்த்துத் தந்ததையும் ஒன்றாக்கி, வீட்டில் வைத்து நல்ல பிரதி எழுதினேன். வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தது ஒன்று: மெசினில் இடம் குறைவு. ஊரை முழுப் பெயராக எழுதாதே, ஒரு எழுத்துப் போதும். காரணத்தை எழுதாதே, இலக்கம் போதும். நல்ல மாணவனாக அப்படியே செய்தேன். சுற்றிவளைப்புக்கு ஒன்று, படகு ஓடாததற்கு இரண்டு, ஊரடங்குக்கு மூன்று.

அது வேலையின் ஐந்தாம் நாள். அம்மா நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். ஒரு புரோகிராமருக்கு உரிய பெருமையோடு சைக்கிளில் ஏறினேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது நாள்

மறுபடியும் சாவடிக்கு வருகிறேன்.

“கார்ட் இன்னும் தரேல்லை,” என்றேன். தமிழில் சொன்னது அவனுக்கு விளங்கியதோ என்னவோ. சைக்கிளை வேலியில் சாத்தச் சொன்னான். பின்னேரம் ஒரு வாகனம் வந்து என்னை முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. சைக்கிள் அங்கேயே நின்றது. அதைக் கண்ட யாரோதான் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே நடந்த எல்லாவற்றையும் எழுத எனக்கு இன்றும் மனமில்லை. கேள்வி ஒன்றுதான், ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. இந்தத் திகதிகளை யாருக்காக எடுத்தாய்? மொழிபெயர்க்க ஒருவரை வைத்திருந்தார்கள். வேலைக்கு வராதவர்களின் பெயர் போகாமல் இருப்பதற்காக என்று சொன்னேன். அப்படியென்றால் ஏன் ஒளித்து எழுதினாய் என்றார்கள். ஒளிக்கவில்லை, மெசினில் இடம் குறைவு என்றேன். மொழிபெயர்ப்பவரே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கே என் பதில் பொய் போலக் கேட்டது.

இரண்டாம் நாள் அதிகாரி என் முன்னாலேயே கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பெயரில் எங்களிடம் ஊழியர் இல்லை, யாரோ ஒரு பையன் பரீட்சார்த்தமாக வந்தான், கடிதம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று மனேஜர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இருந்தும் அவரை மன்னிக்க எனக்கு வெகுகாலம் எடுத்தது. அதற்குப் பிறகு கேள்விகளின் தொனி மாறிவிட்டது.

நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன். வேறு யாராக இருந்தாலும் விடுதலைக்காக எண்ணியிருப்பார்கள். நான் எண்ணியது அந்தப் புரோகிராமை. அதன் ஒவ்வொரு வரியும் எனக்குப் பாடம். பிடிபட்ட நாளையும் சேர்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்கும் அது எண்ணிக்கொண்டிருக்கும். ஏழாம் நாளைப் பதிந்து முடித்ததும் மெசின் என் பெயரை எடுத்துவிடும். நான் அந்தக் கொம்பனியில் வேலை செய்தேன் என்பதற்கு உலகத்தில் எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த லிஸ்டின் கடைசி வரிதான். அதுவும் போய்விட்டால் நான் யாருடைய ஆள் என்று யார் சொல்வது? எட்டாம் நாள் விடிந்தபோது, இனி என் பெயர் இருக்காது என்று நினைத்தேன். அன்றுதான் அழுதேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கூப்பிட்டார்கள். கதிரையில் வேறொரு அதிகாரி இருந்தார். மேசையில் ஒரு நீளமான தாள். கொம்பியூட்டரில் அச்சடித்தது அல்ல, தட்டச்சில் அடித்தது. அவர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். தாளின் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார். அதற்குக் கீழே துறைமுகக் கேட்டின் சீல் இருந்தது. அன்றைய திகதி இருந்தது.

“போ,” என்றார்.

வெளியே அம்மா நின்றார். பக்கத்தில் றிஸ்வான் நானா, சறம் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் தாடி முளைத்து நின்றார்.

பழுதான மெசின்

நடந்ததை நானா பஸ்ஸில் வைத்து, யன்னல் பக்கம் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்.

அம்மா சொல்லித் தெரிந்து, நான் பிடிபட்ட மறுநாளில் இருந்து அவர் அன்றன்றைய லிஸ்டை எடுத்துக்கொண்டு அந்த முகாம் வாசலுக்கு வந்திருக்கிறார். காவலுக்கு நின்றவர்கள் ஒவ்வொரு நாளும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மனேஜரிடம் ஒரு கடிதம் கேட்டார், அவர் கொடுக்கவில்லை. ஏழாம் நாளும் வந்தது.

“நாளைக்கு மெசின் உங்கட பேரை எடுத்திரும் எண்டு எனக்குத் தெரியும். வந்ததா அடிக்கவும் ஏலாது. கேட்டில தலை எண்ணுறாங்க, ஒரு ஆள் கூடினா பிடிபட்டிரும்.”

“அப்ப என்ன செய்தீங்கள் நானா?”

“பிளக்கைக் கழற்றி ஃபியூஸை எடுத்திட்டன்.”

மெசின் பழுது என்று மனேஜரிடம் சொல்லியிருக்கிறார். மெசின் பழுதானால், அது திருந்தும்வரை கடைசி லிஸ்டையே தட்டச்சில் அடித்து அனுப்பலாம் என்று ஒரு விதி இருந்தது. கொழும்பில் இருந்து திருத்த ஆள் வர வேண்டும், அந்தக் கிழமை ரயிலும் ஓடவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பெயரை இரண்டு விரலால் இரண்டு நாள் அடித்திருக்கிறார். எட்டாம் நாளும் வாசலில் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் அதிகாரி மாறியிருந்தார். அவர் தாளை உள்ளே வாங்கினார்.

“பிடிபட்டிருந்தா, பாதுகாப்புக் கேட்டுக்குப் பொய் லிஸ்ட் குடுத்தவன் எண்டு என்னையும் ஏத்தியிருப்பாங்க. மூணு பிள்ளை எனக்கு. அடிக்கக்குள்ள அதுகளைத்தான் நினைச்சன் தம்பி,” என்றார்.

அம்மா முன் இருக்கையில் இருந்து திரும்பி, அவருடைய கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முடிவுத் திகதி

இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். நானா பணப்பைக்குள் இருந்து ஃபியூஸை எடுத்துப் போட்டார். மெசின் உயிர் பெற்றது. மனேஜர் எட்டிப் பார்த்து, தானாகவே சரிவந்துவிட்டதா என்று கேட்டார். சில நேரம் அப்படித்தான் சேர் என்றார் நானா.

என் தாளை அவர்கள் திருப்பித் தரவில்லை. மாமிகளையும் மாடுகளையும் மறுபடி நினைவில் கொண்டுவந்து, ஊர் வாரியாக அடைபட்ட நாட்களை அடித்தோம். மூதூர் ஆட்கள் நாற்பது பேரின் பெயரும் திரும்பி வந்தது.

எல்லாம் முடிந்து கடைசியில் நான் மிஞ்சினேன். என்னுடைய ஒன்பது நாளை எங்கே போடுவது? அந்த ஒன்பது நாளும் சாம்பல்தீவு றோட்டு திறந்துதான் இருந்தது. ஊரார் எல்லாரும் வேலைக்கு வந்திருந்தார்கள்.

“ஒரு ஆளுக்கு மட்டும் றோட்டு அடைபட்டா?” என்றார் நானா.

அதற்காக இன்னொரு அட்டவணை எழுதினேன். பெயர், தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, அவ்வளவுதான். காரணம் எழுத இடம் வைக்கவில்லை, சுருக்கக் குறியும் வைக்கவில்லை. அந்த இரண்டு திகதிக்கும் இடையில் உள்ள நாட்களைப் புரோகிராம் எண்ணாது. முடிவுத் திகதி வெறுமையாக இருந்தால், அது நிரம்பும்வரை எண்ணாது. முதல் வரியில் என் பெயர். நான் முழுதாக எழுதி, மெசினில் ஓடிய முதல் புரோகிராம் அதுதான்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது, பின்னாலேயே கார்டும் வந்தது. பதவி என்ற இடத்தில் கிளாக் என்று போட்டிருந்தார்கள். கொம்பியூட்டர் என்று போட்டால் சாவடியில் கேள்வி கூடும் என்றார் மனேஜர். முதல்முறையாக அவர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா அந்தக் கார்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு படம் நன்றாக இல்லை என்றார்.

அந்த இரண்டாவது அட்டவணை என்னோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் வேறு பெயர்களும் அதற்குள் வந்தன. கிண்ணியாவில் இருந்து, மூதூரில் இருந்து, எங்கள் ஊரில் இருந்து. சிலருக்குக் கிழமைக்குள் முடிவுத் திகதி போட்டோம். போடும்போது நானா “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். சிலருக்குப் போட முடியவில்லை. அவர்களுடைய மனைவிமாரோ தாய்மாரோ எப்போதாவது கந்தோர் வாசலுக்கு வந்து, பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். நானா அன்றைய லிஸ்டை வெளியே கொண்டுபோய், அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுவார். அவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை மனேஜர் லிஸ்டோடு அறைக்குள் வந்தார். அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். முடிவுத் திகதி வெறுமையாக இருந்த ஐந்து பெயருக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார்.

“இந்த ஐந்து பேரும் வருவதே இல்லை. ஏன் ஒவ்வொரு நாளும் அச்சாகிறது?”

றிஸ்வான் நானா என்னைப் பார்த்தார்.

“புரோகிராம் அப்படித்தான் சேர்,” என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு பிரதி அடித்துத் தரச் சொன்னார், கோடு இல்லாமல். அந்த ஐந்து பெயரும் இருந்தபடியே அதில் கையெழுத்துப் போட்டுக் கேட்டுக்கு அனுப்பினார்.